நிரந்தரம் வந்தால் சோம்பேறி ஆகிவிடுவோமாம்

பெரம்பூர் கூட்டத்தில் நம் பேராசிரியர் பேசிய வீடியோவை ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். வேலை நிரந்தரமானதும் ஆராய்ச்சி செத்துவிடுகிறதாம், எல்லாரையும் ஒப்பந்தத்தில் போட்டால்தான் உழைப்பார்களாம். பென்ஷன் வாங்கிக்கொண்டு சொல்கிறார். கைதட்டல் வேறு.

ஐயா, அந்த ஒப்பந்தத்தில்தான் நான் இருக்கிறேன். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், வருஷத்துக்கு 11 மாதம். மே மாதம் எங்களுக்குப் பசிக்காது என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-லேயே சொல்லியாயிற்று.

நான் விலங்கியல். எண்ணூர் கழிமுகத்து நண்டும் சேறும்தான் என் ஆய்வு. கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவது வடசென்னையில் யாருக்குத் தெரியாது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்தது. இதையெல்லாம் அளக்க நாலைந்து மழைக்காலம் விடாமல் மாதிரி எடுக்க வேண்டும். 11 மாத ஆள் என்ன செய்வான்? சரி, காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர் படகில் ஏற்றிக்கொண்டார், எடுத்தேன். எழுத உட்கார்ந்தபோது மேலே இருக்கும் ஒருவர் டீ வாங்கிக்கொடுத்துச் சொன்னார்: "எதுக்கு வம்பு தம்பி, ஜூன்ல ரினியூவல் வருதுல்ல?"

வேலை போகாது என்று தெரிந்தவனால்தான் ஆலைக்கு எதிராக நாலு வரி எழுத முடியும். டென்யூர், அதாவது பணி நிரந்தரம், அதற்குத்தான்.

அமெரிக்காவைப் பார் என்பவர்களுக்கு: 1900-ல் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் பேசிய அரசியல், பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை, ஸ்டான்ஃபோர்டில் அவர் வேலை போனது. (அவர் பேச்சில் ஆசியர் வெறுப்பும் இருந்தது, அது தனிக் கதை.) 1915-ல் பேராசிரியர்கள் சங்கம் வைத்தார்கள். 1940-ல் அவர்கள் அறிக்கை சொன்னது, நிரந்தரம் ஆகுமுன் இருக்கும் தகுதிகாண் காலம் ஏழு வருஷத்தைத் தாண்டக் கூடாது என்று. கணிதப் பேராசிரியர் ஆண்ட்ரூ வைல்ஸ், யாராலும் நிரூபிக்க முடியாமல் கிடந்த ஃபெர்மா தேற்றத்தோடு பிரின்ஸ்டனில் ஏழு வருஷம் கிட்டத்தட்ட யாரிடமும் சொல்லாமல் மல்லுக்கட்டினார். ஜூன் ரினியூவலை வைத்துக்கொண்டு அதைச் செய்யச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

"முப்பது வருஷம் ஒரே நோட்ஸை வாசிப்பவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். எனக்கே பாடம் எடுத்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவீர்களா?

"டிஆர்பி எழுதி உள்ளே வரவேண்டியதுதானே?" ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வைச் சொல்கிறார்கள். வரலாமே. 4,000 இடம் என்று 2024 மார்ச்சில் அறிவித்த தேர்வு அந்த வருஷம் நடக்கவே இல்லை. அறிவுரை மட்டும் தள்ளிப்போகாமல் வருகிறது.

கல்லூரி குரூப் போட்டோவில் எங்களுக்கு நாற்காலி கிடையாது, தெரியுமா? ஓரமாக நிற்க வேண்டும். வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் "பர்மனென்டா சார்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிஎச்டி மாணவர்களை எங்களால் எடுக்க முடியாது, நிரந்தரப் பணியில் இருப்பவர்கள்தான் வழிகாட்டலாம். வியாசர்பாடிப் பெண் ஒருத்தி, வீட்டில் முதல் பட்டதாரி, பிராஜெக்டுக்கு என்னிடம் வர ஆசைப்பட்டாள். முதல் கேள்வியே "அடுத்த வருஷம் இருப்பீங்களா சார்?" அவளுக்கு இருக்கிற விவரம் அந்த மேடையில் யாருக்கும் இல்லை.

"பாசிட்டிவா எழுதுங்க சார்" என்று கமென்ட் போட வருபவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது மே மாதச் சம்பளத்தையும் ஜீபே பண்ணிவிடுங்கள்.