நிழலையும் பிளான்ல வரைங்க

எங்க ஊர் ஸ்டேஷன்ல ரெண்டாவது பிளாட்ஃபார்ம்ல ஒரு வேப்பமரம் இருந்துச்சு. சுத்தி வட்டமா சிமெண்ட் மேடை, வேர் தள்ளி ஒரு பக்கம் வெடிச்சிருக்கும், மத்தியான பாசஞ்சருக்கு வர்றவங்க எல்லாரும் அங்கதான் உக்காருவாங்க, பூ விக்கிற அக்கா கூடைய ஈரத்துணி போட்டு மூடி வச்சுட்டு நிழல் நகர நகர கூடையையும் நகத்திட்டே இருப்பாங்க. போன மாசம் போய் இறங்குறேன், மரத்தக் காணோம். தரையோட தரையா அறுத்து மேல பேவர் பிளாக் போட்டாச்சு. அக்கா மேம்பாலப் படிக்கட்டுக்கு அடியில ஒண்டிக்கிட்டு இருக்காங்க.

ஸ்டேஷனப் புதுப்பிக்கிறது தப்புன்னு சொல்லல. லிஃப்ட் வேணும், சுத்தமான கக்கூஸ் வேணும், முட்டிவலியோட படி ஏறுற எங்கம்மாவப் பாத்து வளந்தவன் நான். ரயில்வேயோட அம்ரித் பாரத் திட்டத்துல நாடு முழுக்க 1,300-க்கும் மேல ஸ்டேஷனப் புதுப்பிக்க எடுத்திருக்காங்க, 2023 ஆகஸ்ட் 6-ம் தேதி மட்டும் 508 ஸ்டேஷனுக்கு ஒரே நாள்ல அடிக்கல் நாட்டுனாங்க. இவ்ளோ பெரிய வேலை நம்ம ஆயுசுல இன்னொரு தடவ வராது, அதான் இப்பவே கத்துறேன்.

பசுமை ஸ்டேஷன்னாலே சோலார் பேனல்னு ஆயிடுச்சு. சென்னை சென்ட்ரல்ல 1.5 மெகாவாட் சோலார் போட்டு பகல் நேரக் கரண்ட்ட அதுலயே எடுத்தாங்க, அது நெஜமாவே பெரிய விஷயம். ஆனா மேல பேனல மாட்டிட்டு கீழ முகப்பு முழுக்க கண்ணாடி வச்சா என்ன ஆகும்? வெயில் உள்ள வரும், சூடு வெளிய போகாது, அத இறக்க ஏசி, ஏசிக்கு கரண்ட்டு. எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல தெறந்தது. கனமான சுவரு, ஒசரமான கூரை, சூடான காத்து மேல போயிரும், கீழ நிக்கிறவனுக்கு ஃபேன் போதும். நம்ம வெயிலுக்கு எப்படிக் கட்டணும்னு அந்தக் கட்டடத்தப் பாத்தாலே தெரியும்.

எங்க ஸ்டேஷன் வாசல்ல முன்னாடி மண் தரை இருந்துச்சு. இப்போ மொத்தமும் கார் பார்க்கிங், அடியில கான்கிரீட். ஒரு மணி நேரம் மழை பெஞ்சா டிக்கெட் கவுண்டர் வாசல்ல கணுக்கால் தண்ணி, அந்தத் தண்ணி அப்படியே சாக்கடைக்குப் போயிடுது, சித்திரையில அதே ஸ்டேஷனுக்கு லாரியில தண்ணி வருது. இதுல கொடுமை என்னன்னா டவுன் பஸ் உள்ள வர்றதுக்கு எடமே விடல, மெயின் ரோட்டுலயே இறங்கி பைய தூக்கிட்டு வெயில்ல நடக்கணும். ரயில்ல போறவன கார்ல வாடான்னு நாமளே கூப்பிடுறோம்.

ஒரு மரத்துக்குப் பத்து கன்னு வைப்போம்னு சொல்றாங்க. எங்க வைப்பீங்க? ஊருக்கு வெளிய வைக்கிற கன்னு இந்த பிளாட்ஃபார்ம்ல நிக்கிறவனுக்கு எப்ப நிழல் தரும்? வரைபடம் போடும்போதே இருக்குற மரத்த மொதல்ல குறிச்சு, அத விட்டுட்டு மிச்சத்த வரைங்க. ரயில்வேயால முடியாததில்ல, மானாமதுரை-ராமேஸ்வரம் 114 கிலோமீட்டர்ல ஓடுற ரயில் எல்லாத்துலயும் பயோ டாய்லெட் வச்சு, தண்டவாளத்துல கழிவே விழாத பாதையா 2016-லயே மாத்திக் காட்டுனவங்க.

எங்க ஸ்டேஷன் வடக்குக் கோடியில இன்னும் ரெண்டு புங்கமரம் நிக்குது. ரெண்டுலயும் மஞ்சள் பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்காங்க. திங்கட்கிழமை காலையில மனு எழுதிட்டுப் போறோம், அந்த ஸ்டேஷன்ல ஏறி இறங்குறவங்க யாரா இருந்தாலும் எட்டு மணிக்கு அந்த மரத்தடிக்கு வாங்க, கையெழுத்து போடணும்.