பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்

எங்க வார்டுக்கு இப்ப ஃபர்ஸ்ட் இயர் எம்பிபிஎஸ் பசங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. வெள்ளைக் கோட்டுல இன்னும் மடிப்பு கலையல, ஸ்டெத்த கழுத்துல மாட்டவே கூச்சப்படுறாங்க. "அனாடமியே முடிக்கல, அதுக்குள்ள இதுங்களுக்கு பேஷன்ட் கிட்ட என்ன வேலை"ன்னு கூட வேலை பாக்குறவங்க சலிச்சுக்கறாங்க. எனக்கு அப்படித் தோணல, இன்னும் அதிகமா வரட்டும்னுதான் சொல்லுவேன், ஆனா நாம அவங்கள கூட்டிட்டு வர்ற விதத்துல எனக்கு ரொம்ப வருத்தம் இருக்கு.

நாங்க படிச்சப்போ முதல் வருஷம் முழுக்க பிணத்த அறுத்துப் படிக்கற டிசெக்‌ஷன் ஹால்தான். கையில ஃபார்மலின் வாடை போகவே போகாது, மெஸ்ல சோறு பிசையும்போது கூட வரும். உசுரோட இருக்கற நோயாளிய தொட்டதே செகண்ட் இயர்லதான். 1997ல வந்த மருத்துவப் படிப்பு விதிமுறைய மாத்தி 2019 பேட்ச்ல இருந்துதான் முதல் வருஷத்துலயே நோயாளிகள பாக்கணும்னு பாடத்திட்டத்துலயே வெச்சாங்க. ஸ்கில்ஸ் லேப்ல பொம்மைக் கையில ஊசி போட்டுப் பழகணும்னும் அப்பவே வந்துச்சு, கிராமத்துக்குப் போய் குடும்பங்களைத் தத்தெடுத்து அவங்க உடம்ப தொடர்ந்து கவனிக்கணும்னு அதுக்கப்புறம் சேர்ந்துச்சு. எல்லாமே நல்ல விஷயம்தான்.

ஆனா பொம்மைக் கையில நரம்பு நழுவாது. நான் தேர்ட் இயர் படிக்கறப்போ ஒரு ராத்திரி, மேற்படிப்பு படிக்கற பிஜி டாக்டர் ஒருத்தர் "அந்தப் பாட்டிக்கு லைன் போட்டுடு"ன்னு சொல்லிட்டு அடுத்த கேஸுக்குப் போயிட்டார். லைன்னா நரம்புல மருந்து ஏத்த வைக்கற சின்னக் குழாய், வென்ஃப்ளான்னு சொல்லுவோம், அதுவரைக்கும் நான் அத போட்டதே இல்ல. புறங்கையில மூணு தடவ குத்தினேன், மூணு தடவையும் நரம்பு வழுக்கிட்டு போச்சு, அந்த இடம் நீலமா வீங்கிடுச்சு. அந்தம்மா கத்தல, திட்டல, முகத்த மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. நைட் டியூட்டி சிஸ்டர் பாத்துட்டு வந்து மொதல்ல அந்தம்மா கிட்ட மன்னிப்பு கேட்டாங்க, அப்புறம் கைய கட்டிலுக்குக் கீழ தொங்கப் போட வெச்சு, முழங்கைக்குக் கீழ ஒரு நல்ல நரம்பா தடவிப் பாத்து, "இடது கை கட்டைவிரலால தோல கீழ இழுத்துப் புடி தம்பி, வலது கை ஊசிய புடிக்க மட்டுந்தான், நரம்ப புடிக்கறது இடது கை"ன்னு சொல்லிக்கிட்டே அவங்களே போட்டு காட்டினாங்க. சின்ன நீலக் கலர் வென்ஃப்ளான், ரத்தம் பின்னாடி வந்து நின்னுச்சு. இன்னிக்கும் ஒவ்வொரு லைன் போடும்போதும் என் இடது கட்டைவிரல் தானா தோல இழுக்குது.

அந்த மூணு குத்து அந்தம்மா மேல விழுந்திருக்கவே கூடாது. அரசு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க காசு இல்லாம வர்றாங்க, அதுக்காக நாம பழகறதுக்கு அவங்க உடம்ப கொடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. "இவங்க படிக்கற பொண்ணு, உங்களுக்கு பிபி பாக்கலாமா"ன்னு ஒரு வார்த்த கேட்டா பெரும்பாலும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, கேக்கறதுக்குத்தான் நமக்கு வாய் வரமாட்டேங்குது. இன்னொன்னு, வார்டுல காலு வைக்கறதுக்கு முன்னாடியே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆரம்பிச்சிடணும், மூணு டோஸ் முடிய ஆறு மாசம் ஆகும். குத்தின ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாதுன்னு மொத நாளே சொல்லணும், கையில குத்திக்கிட்டா மறைக்காம உடனே வந்து சொல்லணும்னும் சொல்லணும், ஏன்னா எச்ஐவி தடுப்பு மருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். திட்டு விழும்னு பயந்து மறைக்கற பசங்க இருக்காங்க.

இப்ப என்ன நடக்குது? ஒரு கட்டில சுத்தி நாப்பது பேர் நிக்கறாங்க, முன்னாடி இருக்கறவன் முதுகுதான் தெரியுது, அரை மணி நேரத்துல லாக்புக்ல கையெழுத்து வாங்கிட்டு போயிடறாங்க. ஒருத்தனாவது நோயாளி கைய தொட்டிருக்க மாட்டான். அஞ்சு பேருக்கு ஒரு ஆள் நின்னாலே போதும், அது ப்ரொஃபசரா இருக்கணும்னு கூட இல்ல, சிஆர்ஆர்ஐயோ (ஹவுஸ் சர்ஜன்) சீனியர் சிஸ்டரோ யாரா இருந்தாலும் சரி. ஆள் இல்லன்னு சொல்லிட்டு விட்டுடற விஷயம் இல்ல இது.

போன மாசம் அஞ்சு பேர மட்டும் என் கூட நிறுத்திக்கிட்டேன். கால்ல புண்ணோட ஒரு சுகர் பேஷன்ட், அறுபது வயசு இருக்கும், கேஸ் ஷீட்ல "இன்சுலின் ஒழுங்கா போடுறதில்ல"ன்னு எழுதியிருந்துச்சு, அத எழுதினதே நான்தான். ஒரு பொண்ணு பிபி பாத்துட்டு எந்திரிக்காம அங்கயே ஸ்டூல்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்துச்சு, அதுக்கு மருந்துகளப் பத்தின ஃபார்மகாலஜி பாடம் ஒண்ணும் தெரியாது, கேக்க நேரம் மட்டும் இருந்துச்சு. அரை மணி கழிச்சு வந்து "சார், தாத்தா வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லையாம், இன்சுலின பக்கத்து வீட்ல வெச்சிருந்தாங்களாம், அவங்க வீட்ட காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம்"னு சொல்லுச்சு. நானும் அந்தப் பொண்ணும் போய் அவர் பக்கத்துல உக்காந்து, மண்பானைல தண்ணி ஊத்தி இன்சுலின நனையாம எப்படி வைக்கறதுன்னு சொல்லிக் கொடுத்தோம். அப்புறம் கேஸ் ஷீட்ட எடுத்து அந்த வரிய அடிச்சுட்டு, "வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை"ன்னு மாத்தி எழுதினேன்.