ஜிபேயில் வந்ததெல்லாம் வியாபாரமா?

2025 ஜூலையில் பெங்களூரு டீக்கடைகளிலும் பேக்கரிகளிலும் கியூஆர் அட்டையை எடுத்துவிட்டு 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' என்று எழுதி ஒட்டினார்களே, அது வரி ஏய்ப்பவர்களின் கூச்சல் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

கர்நாடக வணிகவரித் துறை 2021-22 முதல் நான்கு வருட யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரரிடம் 29 லட்சம் கேட்டார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! அவருக்கு நான்கு வருடத்தில் 1.63 கோடி வரவு என்றால் மலைப்பாக இருக்கும், வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பதினோராயிரம் சொச்சம், அதிலும் பெரும்பகுதி சரக்கு எடுத்த இடத்துக்கே போய்விடும்.

ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனை வரம்பு, பொருள் விற்பவருக்கு 40 லட்சம், டீ, டிபன் போடுகிறவருக்கு 20 லட்சம். அதாவது நாளைக்கு 5,500 ரூபாய் கூட இல்லை. ஓரளவு ஓடுகிற கடை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அப்புறம், அந்த வரவு முழுக்க விற்பனையா என்ன? கல்லா பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றாலே தெரியும். "அண்ணா, ஐநூறு ஸ்கேன் பண்றேன், கேஷா குடுங்க" என்று ஒருத்தர் வருவார். மச்சான் திருப்பித் தந்த கைமாத்து, சீட்டுப் பணம் எல்லாம் அதே நம்பருக்குத்தான். சிகரெட், பிஸ்கட் எல்லாம் வாங்கும்போதே ஜிஎஸ்டி கட்டித்தான் வாங்குகிறார்கள், பதிவு இல்லாததால் அதைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

2016இல் நோட்டு செல்லாது என்று சொல்லி இவர்களை ஸ்கேனுக்குத் தள்ளினார்கள். 2020 ஜனவரியில் யுபிஐக்கு வியாபாரியிடம் கட்டணம் கிடையாது என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கியூஆர் அட்டையை ஒட்டச் சொன்ன ஒருவராவது இந்த 20 லட்சக் கணக்கைச் சொன்னாரா? 1.5 கோடி வரை விற்பனை உள்ளவர்கள் காம்போசிஷன் முறையில் சேர்ந்து குறைந்த வரி கட்டலாம் என்று சொன்னாரா?

கடைசியில் கடைக்காரர்களின் பந்த் அறிவிப்பு வந்த பிறகுதான் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், இனிமேல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார் முதல்வர் சித்தராமையா. பதிவு செய்யட்டும், வரி கட்டட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. லோன் கம்பெனிக்காரர்கள் அதே யுபிஐ வரவைப் பார்த்துத்தானே லோன் தருகிறோம் என்று கடைக்காரருக்கு விடாமல் மெசேஜ் அனுப்புகிறார்கள்? 15 லட்சம் தாண்டும்போது 'பதிவு செய்யுங்கள்' என்று கன்னடத்தில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வரித் துறையால் முடியாதா?