கசட்டின் எடை குறைவது 18 விழுக்காடு அன்று

பலரும் பகிர்ந்துள்ள ஒரு பதிவில், குடிநீர்ச் சுத்திகரிப்பில் படிகாரம் சேர்ப்பதால் தேங்கும் கசட்டின் திண்மப் பங்கை 2 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தும் சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றி நீரைப் பிரிக்கும் எந்திரம்), அகற்ற வேண்டிய எடையை 18 விழுக்காடு மட்டுமே குறைக்கிறது என்று கூறப்பட்டுள்ளது. 20-இலிருந்து 2-ஐக் கழித்தால் 18 என்ற கழித்தல் சரிதான், கழிக்க வேண்டிய எண்கள்தாம் அவை அல்ல.

100 டன் கசட்டில் திண்மம் 2 டன், எஞ்சிய 98 டன்னும் நீர். எந்திரம் வெளியேற்றுவது நீரை மட்டுமே என்பதால், பிரிந்து வெளியேறும் நீருடன் தப்பிச் செல்லும் சிறு அளவைத் தவிர, திண்மம் அப்படியே தங்கிவிடுகிறது. அந்த 2 டன் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டுமானால், மொத்த எடை 10 டன்னாகத்தான் இருக்க முடியும்; ஆகவே லாரியில் ஏற்ற வேண்டிய சுமை 90 விழுக்காடு குறைகிறது. 2 விழுக்காட்டை 4 ஆக்கினாலே எடை பாதியாகிவிடும்.

ஐயமுள்ளோர், எடை தெரிந்த தட்டில் கசட்டை இட்டு நிறுத்து, 105 டிகிரி செல்சியஸ் வெப்ப அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, தட்டின் எடை நீக்கிய உலர் எடையை, அவ்வாறே தட்டின் எடை நீக்கிய ஈர எடையால் வகுத்துப் பார்க்கலாம். எந்திரத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகள் இரண்டையும் சோதிப்பது அவசியம். பிசைந்த களிமண்போல் கையில் நிற்கும் கட்டியிலும் ஐந்தில் நான்கு பங்கு நீரே என்பதை, தட்டில் மிஞ்சும் பொருக்கைக் கண்ட பிறகுதான் பலர் நம்புகிறார்கள்.