இறால் மின்னுவதற்கு ஆய்வக எலி காரணமா?

"எலிகளுக்கு ஏற்றிய ஒளிரும் கிருமியைக் கடலில் கொட்டிவிட்டார்கள், அதனால்தான் வேதாரண்யம் பக்கம் இறால் இரவில் மின்னுகிறது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பொய்.

இறாலை அப்படி மின்ன வைப்பது விப்ரியோ ஹார்வேயி. உப்புநீரில் இயற்கையாகவே வாழும் பாக்டீரியா. இறால் குஞ்சுகளைக் கூட்டங்கூட்டமாகச் சாகடிக்கும். பண்ணைக்காரர்களுக்குப் பழகிய எதிரிதான்.

ஆய்வகத்தில் நடப்பது வேறு. 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள், மண்ணில் நூற்புழுக்களோடு வாழும் ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாவின் ஒளி மரபணுக்களை, குடல் தொற்று உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாவில் புகுத்தி எலிகளில் தொற்றைப் பின்தொடர்ந்தார்கள். கடல் பாக்டீரியாக்களில் ஒளியை உண்டாக்கும் நொதி பெரும்பாலும் உடல்சூட்டில் செயலிழக்கும். ஃபோட்டோராப்டஸின் நொதி 37 டிகிரியிலும் தாங்கும். தோலைத் தாண்டி வரும் ஒளியோ மிக மிக மங்கல். இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, மிக மங்கலான ஒளியையும் உணரும் கேமராவால்தான் பிடிக்க முடியும். தொற்று எங்கே பரவுகிறது, மருந்துக்கு அடங்குகிறதா என்பதை உயிருள்ள ஒரே எலியில் நாள்தோறும் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எலிகளைக் கொன்று அறுக்க வேண்டிய தேவை குறைகிறது. உயிர்களை மிச்சப்படுத்தும் இந்த வேலையைப் பூச்சாண்டி ஆக்குவது பெரிய அநியாயம்.

இறால் பண்ணைக் குளத்து நீர் இரவில் ஒளிர்ந்தால் செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள். நீரையும் இறாலையும் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ அன்றைக்கே போங்கள்.