உயிரோடு இருக்கிறான் என்று நிரூபிக்க 23 படி

இன்றைக்கு மறுபடியும் ஏறினோம். போன வருடம் ஏறிய அதே மாடி, அதே 23 படி. மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் காட்ட வேண்டிய வாழ்நாள் சான்றுக்காக. அதைச் சொன்னாலே உங்களில் பாதிப் பேருக்கு வயிறு எரியும், அதனால் முன்கதை வேண்டாம்.

என் தம்பிக்கு 34 வயது. பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். எடை 58 கிலோ. காலை பத்து மணிக்கே ஆபீஸ் வாசலில் இருந்தோம். சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதன் வாயிலேயே நாலு பைக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பைக்குக்கும் ஆள் தேடி, நகர்த்தச் சொல்லி, நாற்காலியை மேலே தள்ளிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தால் சுவரில் ஒரு போர்டு: உதவித்தொகை பிரிவு, முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. தாலுகா முழுக்க நடக்க முடியாதவர்கள் தேடி வருகிற பிரிவை மாடியில் கொண்டுபோய் வைத்தது யார்? அந்த ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டும் எனக்கு.

தம்பியைக் கீழே ஆட்டோ அண்ணனிடம் விட்டுவிட்டு நான் மட்டும் மேலே போனேன். ஆதார் அட்டை, அடையாள அட்டை, பாஸ்புக், போட்டோ எல்லாம் கவரில் வரிசையாக வைத்திருந்தேன்.

"ஆள் எங்கம்மா?"

"கீழ இருக்கான் சார். நடக்க முடியாது. ஜன்னல்ல இருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும்."

"அப்படியெல்லாம் பார்க்க முடியாது. நேர்ல வரணும்."

"நீங்க ஒரு நிமிஷம் கீழ வர முடியுமா சார்?"

"சீட்டை விட்டு எப்படிம்மா வர்றது?"

வீடியோ காலில் காட்டுகிறேன் என்றேன். அதற்கு உத்தரவு இல்லையாம். வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினேன். அது தனி, இது தனியாம். பக்கத்து மேஜைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "தூக்கிட்டு வந்துடுங்கம்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

அஞ்சு நிமிஷ வேலை! தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இவனைத் தூக்கியவுடன் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். இடது கை எந்தப் பக்கம் வீசும் என்று அவனுக்கே தெரியாது. ஆட்டோ அண்ணன் அக்குளுக்குள் கை கொடுத்துப் பிடித்தார், டீக்கடைத் தம்பி முழங்காலைப் பிடித்தான், நான் பின்னால் தலையைத் தாங்கினேன். ஏழாவது படியில் டீக்கடைத் தம்பிக்குச் செருப்பு வழுக்கியது. பன்னிரண்டாவது படியில் திருப்பம். அங்கே இவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். விட மாட்டான். விட முடியாது, விரல் பூட்டிக்கொண்டால் அவன் நினைத்தாலும் திறக்காது. நான் ஒவ்வொரு விரலாக நீவி எடுக்கிறேன், மேலேயிருந்து இறங்கி வருகிறவர்கள் "கொஞ்சம் வழி விடுங்க" என்கிறார்கள். விரலை எடுத்த வேகத்தில் கை வீசி சுவரில் உரசியது. மூன்று விரல் முட்டியிலும் தோல் வழன்று ரத்தம். அவன் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுதுவிடக் கூடாதே என்று பார்க்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இந்தப் பழக்கம்.

மேலே போனதும் உட்கார வைக்க இடமில்லை. நாற்காலிதான் கீழே கிடக்கிறதே! தரையில் என் மடியில் சாய்த்துக்கொண்டேன். சார் மேஜைக்கு மேலே கழுத்தை நீட்டி இரண்டு விநாடி பார்த்தார். "சரி" என்றார். முத்திரை விழுந்தது.

இத்தனையும் தமிழ்நாடு அரசு தருகிற மாதம் 2,000 ரூபாய்க்கு. 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து ஏற்றினார்கள், அதோடு சரி. பெரியவர்களுக்கான டயப்பர் எங்கள் தெருக் கடையில் ஒன்று 38 ரூபாய். நாளைக்கு மூன்று. டயப்பருக்கே போதாத காசு இது. பிசியோதெரபி, வலிப்பு மாத்திரை, இவனைப் பார்த்துக்கொள்ள நான் விட்ட வேலை, இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவின் தடாவில் கால் வைத்தால் 2024 ஜூலையிலிருந்து 6,000 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு மூன்று மடங்கு பசியா?

டெல்லிக் கணக்கைக் கேட்டால் இன்னும் கொதிக்கும். மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். 2012-ல் 200-ஐ 300 ஆக்கினார்கள். அன்றைக்கு நிறுத்திய இடத்தில் இன்றைக்கும் நிற்கிறது. அதுவும் 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். நாளைக்குப் பத்து ரூபாய். ஒரு டீ குடிக்க முடியாது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். கைம்பெண்களுக்கு மத்திய அரசு தருவதும் 300, எங்களுக்கும் 300. அந்த 25 சதவீதம் எங்கே போனது? "பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு" என்று அதே பிரிவில் ஒரு வரி வைத்திருக்கிறார்கள், அங்கே போனது.

சாய்தளம், லிஃப்ட் கதைக்கு வருகிறேன். ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம் ஐந்து வருடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்று அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. கெடு முடிந்தும் வேலை முடியவில்லை என்றால் பணத்தைக் கூட்டுவார்களா, குறைப்பார்களா? சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கென்றே மத்திய அரசில் சிப்டா (SIPDA) என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அரசு அலுவலகங்களில் சாய்தளமும் லிஃப்டும் கட்ட மாநிலங்களுக்குப் பணம் போவது அதிலிருந்துதான். 2022-23-ல் அதற்கு ஒதுக்கியது 240 கோடி. அடுத்த வருடம் 150 கோடி. அதற்கடுத்து 135. 2025-26-ல் 115 கோடி. மூன்றே பட்ஜெட்டில் பாதிக்கும் கீழே. நூறு கோடிக்கு மேல் போய்விட்டது, எந்த டிவியிலாவது ஒரு விவாதம் நடந்ததா?

காரணம் கேட்டால், மாநிலங்களிடமிருந்து போதுமான முன்மொழிவுகள் வரவில்லை, பணம் செலவாகவில்லை என்கிறார்கள். செலவாகவில்லையா? வாருங்கள், நான் காட்டுகிறேன். 23 படி இருக்கிறது, ஏழாவது படியில் ஓரம் உடைந்திருக்கிறது, பன்னிரண்டாவது படிக்குப் பக்கத்துச் சுவரில் என் தம்பியின் ரத்தம் இருக்கிறது. முன்மொழிவு அனுப்ப வேண்டிய ஆள் அனுப்பவில்லை என்றால் தண்டனை அவருக்குத்தானே வர வேண்டும்? மாடிப்படியில் தூக்கிச் செல்லப்படுகிறவனுக்கு ஏன் வருகிறது?

உதவித்தொகையை உயர்த்தச் சொல்லி நாங்கள் சாலையில் உட்கார்ந்து கேட்டும் பார்த்தாயிற்று. ஆந்திரா மாதிரி கொடு என்றுதான் கேட்டோம், வேறொன்றும் இல்லை. அன்றைக்கும் குண்டுக்கட்டாகத்தான் தூக்கினார்கள். வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். அந்த மண்டபத்துக் கழிவறைக்கும் நாலு படி. சாயங்காலம் வரை பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த மறியலுக்கும் நான் போவேன், தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். நீங்களும் வாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் எம்.எல்.ஏ.விடமும் எம்.பி.யிடமும் இந்த 240-ஐயும் 115-ஐயும் சொல்லி, ஏன் என்று கேளுங்கள். வீட்டில் மாற்றுத்திறனாளி யாரும் இல்லாதவர்கள் கேட்டால்தான் அவர்களுக்குக் காது கேட்கும்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். அதை எழுத எனக்குத் தெம்பில்லை. கீழே வந்து பார்த்தால் தம்பியின் சக்கர நாற்காலியைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. தேடினால், வேப்பமரத்து நிழலில் ஒரு பெரியவர் அதில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து போனில் நிலத் தகராறு பேசிக்கொண்டிருக்கிறார். நல்ல திடகாத்திரமான ஆள். ஆட்டோ அண்ணனின் தோளில் என் தம்பி வாழைத்தண்டு மாதிரி தொங்குகிறான், இவர் எங்களை நிமிர்ந்து பார்த்து, "சும்மாதானேம்மா கெடந்துச்சு" என்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சிரித்துவிட்டான். அவன் சிரித்தால் உடம்பே குலுங்கும். அண்ணனுக்குப் பிடி நழுவி, டீக்கடைத் தம்பி ஓடிவந்து தாங்கி, கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட அந்த வேப்பமரத்தடியில் நின்று சிரித்தோம். பெரியவர் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. பேசி முடிக்கட்டும் என்று கையைக் காட்டினார்.