நியாயமான போருக்கும் வரம்பு உண்டு

போரைப் பற்றிய நேற்றைய விவாதத்தில், அதில் கொல்லப்பட்ட குழந்தைகளைப் பற்றிக் கேட்டபோது, "நியாயமான போரில் இதெல்லாம் தவிர்க்க முடியாதது" என்று ஒரு பேச்சாளர் சொன்னதை என்னால் கடந்துபோக முடியவில்லை. போர் தொடுத்தது நியாயமா என்பது ஒரு கேள்வி. அதை எப்படி நடத்துகிறார்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்துவிட்டால் இரண்டாவதைக் கேட்கவே கூடாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நாஜி ஜெர்மனிக்கு எதிரான போரைவிட நியாயமான போரை யார் காட்ட முடியும்? அந்தப் போரில்தான் 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீசி எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். அந்த அழிவு பிரிட்டன், அமெரிக்கா முதலிய நேச நாடுகளின் குண்டுவீச்சு முறைமீதே கடுமையான கேள்வியை எழுப்புகிறது என்று, அடுத்த மாதமே பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தம் தளபதிகளுக்குக் குறிப்பு எழுதினார். எதிர்ப்பு வந்ததும் அதைத் திரும்பப் பெற்று மென்மையாக்கினார் என்றாலும், வெல்லப்போகும் தரப்பின் தலைவருக்கே எழுந்த கேள்வி எனக்கு எழுந்தால் மட்டும் துரோகமா?

எதிரி பொதுமக்களுக்குள் ஒளிந்துகொள்கிறானே என்பார்கள். ஒளிந்துகொள்வது குற்றம்தான். ஆனால் ஒரு தரப்பு அப்படி விதியை மீறினாலும், பொதுமக்களைக் காக்கும் கடமையிலிருந்து மறுதரப்பு விடுபடாது என்று, போருக்கு விதி வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, 51ஆவது பிரிவிலேயே தெளிவாகச் சொல்கிறது.

களம் காணாதவர்கள் பேசும் பேச்சு இது என்றும் சொல்வார்கள். என் சித்தப்பா களம் கண்டவர். ஒருமுறை, வீட்டுக்குள் பெண்களின் குரல் கேட்டதும் சுட வேண்டாம் என்று அவருடைய அதிகாரி தடுத்துவிட்டார். அவர்கள் தேடிப்போன எதிரிகள் தப்பிவிட்டார்கள். அந்த அதிகாரியைக் கோழை என்று சித்தப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலில் மரியாதைதான் இருக்கும்.

சட்டம் எளியவர்களுக்கு மட்டும்தானே என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. 2003இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லாமல் இராக்மீது படையெடுத்தவர்களில் எவரும் அதற்காகத் தண்டிக்கப்படவில்லை. அதனால் வலியவர்களையும் சட்டத்தின் முன் நிறுத்து என்று கேட்க வேண்டுமே தவிர, இனி யாருக்கும் சட்டம் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இவ்வளவையும் சொன்னதற்கு, பல ஆண்டுகள் பழகிய நண்பர்களே "நீ யார் பக்கம்?" என்று கேட்டது வலிக்கிறது. பக்கம் பார்த்து அழுவதற்கு எனக்குத் தெரியாது. தங்கள் போர்தான் நியாயமானது என்று எல்லாத் தரப்பும் நம்புகிறது. நாளை அப்படி நம்பும் ஒருவன் உங்கள் பிள்ளைகள்மீது குண்டு வீசினால், எந்த விதியைக் காட்டி அவனிடம் நியாயம் கேட்பீர்கள்?